இரண்டாம் முறை கேட்பதற்கு முன்: பிரித்தானியாவில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து போய் லண்டனிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று நடத்திக்கொண்டிருக்கும் அன்பு உறவுகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒரு சங்கத்திடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுபடி சேர்வதா என்று பிரித்தானியாவில் இன்னொரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கிறீர்களாம். ஆண்டு மலரில் போட ஊரிலுள்ள பழைய ஆசிரியர்கள் நாலைந்து பேரிடம் ஆதரவாகச் சில வரிகள் கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் கழித்து அதே சங்கத்திலிருந்து இன்னொருவர் தொலைபேசி எடுத்தார். "எழுதிக் குடுத்திராதீங்க சேர், சங்கம் ரெண்டாப் போயிரும்" என்றார். இரண்டு பேரும் என்னிடம் படித்த பிள்ளைகள். ஒருவருக்குப் பதில் எழுதி மற்றவருக்கு எழுதாமல் விட மனம் வரவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

உங்கள் நாட்டு விடயத்தில் இங்கே கல்லடியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா என்று 2016இல் நடந்த வாக்கெடுப்பு எனக்குக் குடும்ப விடயம். என் அக்காவின் மகன் அப்போது இலங்கைக் கடவுச்சீட்டோடு, நிரந்தர வதிவிட உரிமையில் லண்டனில் இருந்தான். பொதுநலவாய நாட்டுக் குடிமகன், சட்டப்படி அங்கே வசிப்பவன் என்பதால் அவனுக்கு வாக்கு இருந்தது. அவன் மனைவி பாரிசில் பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் நம்மூர், கடவுச்சீட்டு பிரெஞ்சு. ஒன்பது வருடம் லண்டனில் வேலை செய்து வரி கட்டியவள். அவளுக்கு வாக்கு இல்லை. அயர்லாந்து, மோல்டா, சைப்பிரஸ் தவிர்ந்த ஐரோப்பிய நாட்டவர் யாருக்கும் அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. அதாவது, போவதா இருப்பதா என்ற முடிவு யாருடைய வாழ்க்கையை நேராகத் தொட்டதோ அவள் வீட்டில் இருந்தாள். அவளுடைய கணவன் போய்ப் புள்ளடி போட்டு வந்தான். அதுவும் வெளியேறுவதற்கு. ஐரோப்பாக்காரர் வருவது குறைந்தால் நம்முடைய பிள்ளைகளுக்கு வழி திறக்கும் என்று அவன் நம்பினான். அந்தக் கணக்கை முழுப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். பின்னர் பராமரிப்பு வேலை விசாவில் இங்கிருந்தும் பிள்ளைகள் போனார்கள்.

ஆனால் முடிவு வந்த அன்றிலிருந்து இரண்டு கிழமை அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடவில்லை. அக்கா இங்கிருந்து தொலைபேசியில் அழுதா. வாக்கைப் பற்றி அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த நாட்டில தொடர்ந்து இருக்கிறதுக்கு நான் இனி விண்ணப்பம் போடோணும் மாமி, உங்கட மகன் போடத் தேவையில்ல" என்று மட்டும் சொன்னாளாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு நாடு மக்களைப் பிளந்த ஒரு வாக்கெடுப்பை மறுபடி நடத்தலாமா? நடத்தலாம் என்பதுதான் என் பதில். ஒரு தடவை மக்கள் சொல்லிவிட்டால் முடிந்தது, திரும்பக் கேட்பது ஜனநாயகத்துக்கு அவமானம் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2016இல் நடந்ததே இரண்டாம் வாக்கெடுப்புத்தான். 1975 ஜூன் 5ஆம் திகதி இதே நாடு ஐரோப்பியச் சமூகத்தில் இருப்பதா என்று கேட்டு, 67 வீதமானவர்கள் இருப்போம் என்றார்கள். 41 வருடத்துக்குப் பிறகு திரும்பக் கேட்டபோது 51.9 வீதம் போவோம் என்றது. 1975ஐ மாற்றலாம், 2016ஐ மட்டும் மாற்றக் கூடாது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. 2016இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று வாக்காளர். அந்தப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

திரும்பக் கேட்பது பிழையல்ல. எதைக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் என் கவலை எல்லாம். அதற்குக் காரணம் 1982.

நம் நாடு இதுவரை நாடு முழுவதும் நடத்திய ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்தது. நான் ஆசிரியனாகிச் சில வருடம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்து வாக்களிப்பு நிலையத்தில் எழுதுவினைஞராகப் போட்டார்கள். மாரி காலம். முதல் நாள் பின்னேரம் வாக்குப் பெட்டியைப் பாதையில் ஏற்றி (நம் ஊரில் ஆற்றைக் கடக்கும் அந்த மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்) நனைந்துகொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தோம். இரவு முழுக்கக் கூரை ஒழுகியது. வாக்குச்சீட்டுகள் நனையாமல் இருக்க மேசையை மூன்று தரம் நகர்த்தினோம்.

சீட்டில் இரண்டு சின்னங்கள். விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. கேள்வி, அரசியலமைப்பின் நாலாவது திருத்தத்தை அங்கீகரிக்கிறீர்களா என்பது. அந்தத் திருத்தம் 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டுவது. கேள்வியைப் படித்த ஒருவருக்கு இது விளங்காது. படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லவே வேண்டாம்.

காலையில் மழை கொஞ்சம் விட்ட நேரம் ஒரு பெத்தா வந்தா. எழுபதுக்கு மேல் இருக்கும். சேலைத் தலைப்பால் சீட்டை மூடிப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் போனவ, நாலு நிமிடம் கழித்துத் திரும்ப மேசைக்கு வந்தா. "மனே, ரெண்டும் வேணுமே. விளக்கில்லாம இருக்கேலுமா? குடமில்லாம தண்ணி அள்ளேலுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டா. தலைமை தாங்கும் அலுவலர் ஒன்றுக்குத்தான் போடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. திரும்பப் போனா. எதற்குப் போட்டா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் போட்டிருந்தால் அது செல்லாத வாக்கு.

அந்தப் பெத்தா கேட்டது முட்டாள்தனம் என்று அன்று சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இப்போது யோசித்தால், அந்தச் சீட்டைச் சரியாகப் படித்தவர் அவ ஒருவர்தான் போலிருக்கிறது. வீட்டுக்கு வேண்டிய இரண்டு பொருளைக் காட்டி ஒன்றை எடு என்று கேட்கிறார்கள், எதற்காக என்று சொல்லாமல்.

நாடு முழுவதும் 54.66 வீதம் விளக்குக்கு விழுந்தது. அவசரகாலச் சட்டம் இருக்கும்போதே வாக்கு நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை; மொத்தக் கணக்கில் அது கரைந்து போனது. ஏழு மாதத்தில் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, தனிநாடு கேட்க மாட்டோம் என்று சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களின் ஆசனங்கள் பறிபோயின. அந்த நாடாளுமன்றம் 1988 கடைசி வரை இருந்தது, அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான். நாட்டில் ஒரு பகுதி வேண்டாம் என்று சொல்லி, அதைக் கணக்கெடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை ஒவ்வொரு நாளாக வாழ்ந்து பார்த்தது.

இதை வைத்துக்கொண்டுதான் நான் உங்கள் 2016ஐப் பார்க்கிறேன். ஸ்கொட்லாந்தில் 62 வீதம், வட அயர்லாந்தில் கிட்டத்தட்ட 56 வீதம் இருப்போம் என்றார்கள். மொத்தக் கணக்கில் அதுவும் கரைந்தது. வெளியேறுவது என்றால் என்ன, சுங்க ஒன்றியத்திலும் சேர்த்தா, ஒற்றைச் சந்தையிலிருந்துமா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வது, ஒன்றும் சீட்டில் இல்லை. பிறகு மூன்றரை வருடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடியே போனது. 2020 ஜனவரி 31இல் வெளியேறி முடிவதற்குள் இரண்டு பிரதமர்கள் பதவி விட்டுப் போனார்கள்.

மறு வாக்கெடுப்புக்கு ஒரு சரியான நேரம் இருந்தது என்றால் அது 2019இன் தொடக்கம். அப்போது கையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தது. இதுதான் வெளியேறும் விதம், சம்மதமா என்று மக்களைக் கேட்டிருக்கலாம். ஏப்ரல் 1ஆம் திகதி நாடாளுமன்றத்தில் அந்த யோசனை 280க்கு 292 என்று 12 வாக்கால் தோற்றது. என்னைக் கேட்டால் பெரிய நட்டம் அதுதான். முதல் தடவை திசையைக் கேட்பது, இரண்டாம் தடவை நிபந்தனையைக் கையில் கொடுத்துக் கேட்பது. அதில் முதலில் வாக்களித்த யாருக்கும் அவமானம் இல்லை.

அந்த வாசல் மூடிவிட்டது. இப்போது நீங்கள் கேட்பது வேறு கேள்வி. மறுபடி சேர்வது என்றால் பழைய இடத்தில் போய் உட்காருவது அல்ல. முன்னர் பிரித்தானியா யூரோ நாணயத்துக்கு வெளியே நிற்கலாம் என்ற விலக்கும் கட்டணத்தில் கழிவும் வைத்திருந்தது. புதிதாகச் சேருகிறவருக்கு அவை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "சேர்வதா, வேண்டாமா" என்று மட்டும் கேட்டால் அது விளக்கும் குடமும்தான்.

நோர்வேயைப் பாருங்கள். நம்மவர்களும் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அந்த நாடு 1972இல் ஒரு தடவை, 1994இல் இன்னொரு தடவை கேட்டது. இரண்டு முறையும் முதலில் பேச்சுவார்த்தை நடத்தி, சேர்வதற்கான நிபந்தனைகளை எழுதி வாங்கி, அதன் பிறகே மக்களிடம் கொண்டுபோனார்கள். முதல் தரம் 53.5 வீதமும் இரண்டாம் தரம் 52.2 வீதமும் வேண்டாம் என்றன. உங்கள் 52க்கு 48ஐப் போன்ற நெருக்கம்தான். ஆனாலும் வேண்டாம் என்றவருக்கும் வேண்டும் என்றவருக்கும் தாங்கள் எதைத் தீர்மானித்தோம் என்று தெரியும்.

டென்மார்க் 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 வீதத்தால் மறுத்தது. அரசாங்கம் அதே தாளை அப்படியே திரும்ப நீட்டவில்லை. நாணயம், பாதுகாப்பு, நீதித்துறை, குடியுரிமை என்ற நாலு விடயத்தில் விலக்கு வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த வருடம் மே மாதம் கேட்டது, 56.7 வீதம் ஆம் என்றது. அப்படிச் செய்தும் அன்றிரவு கொப்பன்ஹேகனில் கலவரம் வெடித்துப் பொலிசார் சுட்டார்கள். மறுத்தவன் தன் மறுப்பைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தால் கோபம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம். அயர்லாந்திலும் ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தம், லிஸ்பன் ஒப்பந்தம் என்று இரண்டு தடவை மறுத்து இரண்டு தடவை ஏற்றார்கள். சரியான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்ற கசப்பான பேச்சு அங்கேயிருந்தும் வந்தது.

என்னை எல்லாவற்றையும் விட உறுத்துவது, பசிபிக் கடலில் பிரான்சின் கீழுள்ள நியூ கலிடோனியா. பிரான்சிடமிருந்து பிரிவதா என்று மூன்று முறை கேட்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 2018இல் 56.7 வீதம் வேண்டாம், 2020இல் 53.3 வீதம் வேண்டாம். மூன்றாவதன் நேரத்தில் கொரோனா வந்து பூர்வகுடிகளான கனாக் மக்கள் பலர் செத்துப்போனார்கள். துக்கம் காக்கிறோம், தள்ளிப்போடுங்கள் என்று கேட்டார்கள். பாரிஸ் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் வாக்கு நடந்தது, அவர்கள் வரவில்லை, 96.5 வீதம் வேண்டாம் என்று முடிவு அறிவித்தார்கள். வந்து வாக்களித்தவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. 2024 மே மாதம் வாக்காளர் பட்டியலை மாற்றப் போனபோது தலைநகர் நூமெயா எரிந்தது. செத்த வீட்டில் வந்து நின்று வாக்குக் கேட்கக் கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நம் கோயில் வழக்கத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். உங்களில் பலருக்கு உங்கள் குடி, அதாவது குலம், என்னவென்று இன்னும் ஞாபகம் இருக்கும். தாய் வழியில் வந்தது. நம் கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும் கோயில் நிர்வாகத்தில் ஒரு வண்ணக்கர், திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். ஒரு குடியில் முந்நூறு குடும்பம், இன்னொன்றில் இருபது குடும்பம் என்றாலும் இருபது குடும்பத்துக் குடியின் திருவிழா நாளை எடுத்து முந்நூறுக்குக் கொடுக்க முடியாது. பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலிலும் குடிக்கு ஒரு மரைக்கார் என்று இதே ஒழுங்கு இருந்து வந்திருக்கிறது. இந்த முறையில் குறை இல்லை என்று சொல்லவில்லை. சாதியும் பெருமையும் வழக்கும் அதற்குள் உண்டு, நானே கண்டிருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையால் மட்டும் ஒரு ஊரைக் கட்டி வைக்க ஏலாது என்ற அறிவு அதில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் அரசியலமைப்பை மாற்ற மொத்த மக்களில் பெரும்பான்மையோடு மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்று வைத்திருப்பது வேறென்ன? உங்கள் மனுவில் ஸ்கொட்லாந்தின் பதிலையும் வட அயர்லாந்தின் பதிலையும் தனித்தனியாக எப்படி மதிப்பது என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

கால இடைவெளியும் இல்லை. அதே வட அயர்லாந்தில், அயர்லாந்தோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு நடத்தினால் அடுத்ததுக்குக் குறைந்தது ஏழு வருடம் பொறுக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சண்டை பிடித்துக் களைத்த மக்கள் எழுதிய வரி அது. தோற்றவர்களுக்கு மறுபடி வாய்ப்பு உண்டு, வென்றவர்களுக்கு மூச்சு விட நேரமும் உண்டு.

நான் இவ்வளவு மனதாரச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நீங்கள் இரண்டாம் தடவை கேட்பதா என்று பிரிந்து நிற்கிறீர்கள். கிழக்கில் எங்களிடம் முதல் தடவையே கேட்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தத்தில், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 டிசம்பர் 31க்கு முன் வாக்கெடுப்பு நடத்துவதாக எழுதினார்கள். தள்ளிவைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இருந்தது. வருடா வருடம் தள்ளிப் போனது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது, 2007 ஜனவரி 1இல் மாகாணங்கள் பிரிந்தன. இணைத்தபோதும் பிரித்தபோதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வலி எனக்கு இருக்கிறது.

இருந்தாலும், நாளைக்கே அந்த வாக்கெடுப்பை வை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லாத மாகாணம் இது. கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்துவதற்கே சத்தியாக்கிரகமும் எதிர்ச் சத்தியாக்கிரகமும் நடந்த மண். ஆரையம்பதித் தமிழர் காத்தான்குடி முஸ்லிம் கடைக்குப் போகாமல், ஏறாவூர் முஸ்லிம்கள் செங்கலடித் தமிழர் சந்தைக்கு வராமல் ஒரு நாள் ஓடாது. அப்படி இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, முதலில் பேச வைக்காமல், ஆம் இல்லை என்று சீட்டைக் கொடுத்தால் மறுநாள் காலையில் யார் யாருடைய முகத்தைப் பார்ப்பது? உங்கள் சங்கங்கள் சில ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு எழுதும் மகஜர்களில் எங்களுக்காகவும் சர்வஜன வாக்கெடுப்பு கேட்கின்றன. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அடுத்த மகஜருக்கு முன் இங்கே வந்து மூன்று சமூகத்து மனிதர்களோடும் ஒரு கிழமை இருந்து பேசிவிட்டு எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மனுவைப் பற்றிய என் முடிவு இது. இப்போது இருக்கும் வடிவத்தில் அதற்கு ஆதரவாக நான் எழுதித் தர மாட்டேன். முதலில் பேச்சுவார்த்தை, பிறகு எழுதப்பட்ட நிபந்தனை, அதன் பிறகு மக்களிடம் கேட்பது என்று மாற்றுங்கள். அயர்லாந்தில் 2018இல் கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றுவதற்கு முன் குலுக்கல் முறையில் எடுத்த 99 சாதாரண மக்கள் மாதக் கணக்காக உட்கார்ந்து பேசினார்கள். வரப்போகும் சட்டத்தின் வரைவையும் வாக்குக்கு முன்னரே வெளியிட்டார்கள். அதைப் போல ஒன்றை முதல் கோரிக்கையாக வையுங்கள். நீண்ட காலம் அங்கே வாழ்ந்து வரி கட்டுகிற ஐரோப்பியருக்கும் வாக்கு என்று ஒரு வரி சேருங்கள். அப்படி மாற்றினால், முழு மனதோடு என் பெயரைப் போட்டு எழுதித் தருகிறேன்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். இதைப் பேச உங்கள் கூட்டம் அடுத்த மாதம் என்று கேள்விப்பட்டேன். 2016இல் வாக்கில்லாமல் வீட்டில் இருந்தவர்கள் உங்கள் சங்கத்திலும் இருப்பார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து கடவுச்சீட்டோடு வந்து குடியேறியவர்கள், அவர்களைக் கட்டிய நம் பிள்ளைகள். கூட்டத்தைத் தொடங்கி மௌன அஞ்சலி முடிந்ததும், தலைவர் உரைக்கு முன்னர் அவர்களை எழுப்பிப் பேச விடுங்கள். என் அக்கா மருமகளும் வருவாள். அவள் பேசி முடியும்வரை கையெழுத்துத் தாளை மேசைக்கு எடுக்காதீர்கள்.

அன்போடு,
உங்கள் பழைய ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு